இரண்டு பூஜ்யங்கள்

"ரெண்டும் சேர மாட்டேங்குது, பரிபூரணம்மா" என்றார் எட்வின்.

பரிபூரணம் மணல் சலித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

எட்வினுக்கு அறுபத்தொரு வயது. பெயர் பெற்ற கட்டட வடிவமைப்பாளர். பரிபூரணம் அருங்காட்சியகத்தில் பழுது பார்க்கும் மேஸ்திரி, அவரைவிட இருபது வயது இளையவர். மூன்று வருடம் எட்வின் தலையைப் பிய்த்துக்கொண்டு தேடிய கூரை ஒழுக்கை இந்த அம்மாள் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக் கண்டுபிடித்தார். அன்று முதல் எட்வின் அவருக்குச் சீடர். சக வடிவமைப்பாளர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

"பதிமூணு வரைபடம் குடுத்தேன். பதிமூணையும் அருங்காட்சியகக் குழு தூக்கிப் போட்டுருச்சு. நாளைக்குப் பதினாலாவது. இதுவும் போச்சுன்னா மேற்குக் கட்டடத்தை இடிச்சிருவாங்க."

அருங்காட்சியகத்துக்கு இரண்டு கட்டடங்கள். அறுபது வருடங்களுக்கு முன், பூச்சும் அலங்காரமும் இல்லாமல் வெறும் காங்கிரீட்டில் எழுப்பியவை. கிழக்குக்கு முன்தெருவில் வாசல், மேற்குக்குப் பின்தெருவில். நடுவே ஐம்பதடி இடம், அதில் புதரும் முள்வேலியும். இரண்டையும் இணைத்து ஒரு கூடம் கட்ட வேண்டும்.

"இடிச்சா இடிக்கட்டுமே" என்றார் பரிபூரணம்.

"அஞ்சு வயசுல அம்மா கூட்டிட்டு வந்தாங்க. அப்ப வேலி கிடையாது. அம்மா கையை உதறிட்டு இந்தக் கிழக்குக் கட்டடத்துலேருந்து மேற்குக்கு ஓடினேன். நிக்காம ஓடினேன். அந்த ஓட்டந்தான் என்னை இந்தத் தொழிலுக்குக் கொண்டாந்துச்சு. அந்தக் கட்டடம் போனா நான் எதுக்கும்மா இருக்கணும்?"



பரிபூரணம் கையைத் துடைத்துக்கொண்டு வரைபடத்தை வாங்கிப் பார்த்தார்.

"கூடத்துத் தரை ஒரே நேரா போகுதே."

"ரெண்டு தரையும் ஒரே மட்டம். பழைய வரைபடம் ரெண்டுலயும் தரைமட்டம் பூஜ்யம்னு போட்டிருக்கு."

"எதுலேருந்து பூஜ்யம்?"

எட்வின் வரைபடத்தைத் திரும்ப வாங்கிப் பார்த்தார்.

கட்டடம் வரைகிற எவரும் அந்தந்தக் கட்டடத்தின் தரையைத்தான் பூஜ்யம் என்று போடுவார். முப்பது வருடமாக மாணவர்களுக்கு முதல் வகுப்பில் அவர் சொல்லித் தந்ததே அதுதான்.

பரிபூரணம் உள்ளே போய், மட்டம் பார்க்கும் பிளாஸ்டிக் குழாயை எடுத்து வந்தார். தண்ணீர் நிரப்பினார்; இரு முனையிலும் அது ஒரே உயரத்தில்தான் நிற்கும். ஒரு முனையை முள்ளுக்குள் நுழைத்து அந்தப் பக்கம் தள்ளினார்.

எட்வின் தெருவைச் சுற்றிக்கொண்டு போய் மேற்குக் கட்டடத்துக்குள் நுழைந்து, வேலியைப் பார்த்த கதவைத் திறந்தார். தன் முனையை எடுத்துக்கொண்டு கதவருகே நின்றார்.

"தரையிலேருந்து முழங்கால் உயரத்துல பிடிங்க, சார்!"

பரிபூரணமும் தன் பக்கத் தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் பிடித்தார். தண்ணீர் அசையவில்லை.

"பாருங்க, ஒரே மட்டந்தான்!" என்று கத்தினார் எட்வின்.

"கட்டை விரலை எடுங்க!"

சிந்திவிடுமோ என்று குழாயின் வாயை அவர் இறுக அடைத்திருந்தார். எடுத்தார்.

தண்ணீர் அவர் செருப்பில் கொட்டியது. கொட்டிக்கொண்டே இருந்தது. பரிபூரணத்தின் முனையில் அது இறங்கி, கணுக்காலையும் தாண்டி, தரைக்குக் கீழே போய் நின்றது.

"அந்தத் தரை ரெண்டரை அடி பள்ளம்" என்றார் பரிபூரணம்.

எட்வின் ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பதினாலும் குப்பை. பதினாலும் அவர் ஓடிய தரையைத் தொடையளவு மண் போட்டு மூடியிருக்கும். காலையில் குழு கூடுகிறது. இனி எதை வரைவது, எப்போது வரைவது? வெட்கத்தை விட்டு அழுதார்.

"எல்லாம் போச்சும்மா!"

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"சார், அன்னைக்கு இங்கேருந்து அங்கே ஓடினீங்களே. திரும்பி வரும்போதும் ஓடித்தான் வந்தீங்களா?"

எட்வின் ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கலை, சார்!"

"இல்லம்மா. ஏத்தம் ஏற முடியலை, அம்மா தூக்கிட்டு வந்தாங்க."