கொட்டாங்கச்சிக்குள் கேட்ட குரல்

ஒரு மலைக்காட்டில் ஓடைக்கரை ஓரமாக ஒரு பலாமரம் நின்றது. அதன் பொந்தில் வரிச்சி என்ற அணில் தன் மூன்று குட்டிகளோடு குடியிருந்தது. குட்டிகளுக்கு இன்னும் கண்கூடத் திறக்கவில்லை.

வரிச்சிக்குச் செடி வளர்ப்பதில் கொள்ளை ஆசை. போன மழையில் எதிர்மரத்துக் கிளை ஒன்று முறிந்து விழுந்தது. அதில் ஒட்டியிருந்த ஆர்க்கிட் செடியை வரிச்சி வீட்டுக்கு இழுத்துவந்தது. எங்கேயோ தேடி ஒரு கொட்டாங்கச்சியும் கொண்டுவந்தது. ஓடைச் சேற்றை அள்ளி அள்ளித் திணித்து, ஒரு வேர்கூட வெளியே தெரியாமல் அழுத்தி மூடியது. பொந்து வாசலில் கிளைக் கவட்டில் அதை வைத்துவிட்டு, "இனி உனக்கு என்ன குறை!" என்றது. அப்படி ஒரு பெருமை!

பத்தே நாளில் அடி இலை மஞ்சளாகிவிட்டது.

"ஐயோ, என்ன ஆச்சு உனக்கு?" என்று இலையைத் தடவியது.

"தண்ணீர்..." என்றது ஒரு குரல்.

வரிச்சி துள்ளிப்போய்ப் பின்னால் விழுந்தது. குரல் கொட்டாங்கச்சிக்குள்ளிருந்து வந்தது!

"யா... யாரது?"

"நான்தான், உன் செடி. நாக்கு வறண்டு சாகிறேன். தண்ணீர் ஊற்று!"

வரிச்சி ஓடைக்கு ஓடியது. பாசியை நனைத்துக் கவ்விவந்து, செடியின் மேல் பிழிந்தது. மறுநாளும் குரல் தண்ணீர் கேட்டது. அப்புறம் காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் கேட்டது. வரிச்சியும் ஊற்றிக்கொண்டே இருந்தது. செடி தேறியதா என்றால் அதுதான் இல்லை. இன்னும் இரண்டு இலை தொங்கிவிட்டது. கொட்டாங்கச்சியிலிருந்து ஒரு கெட்ட நாற்றம் வேறு!

"கொஞ்சம் வெளியே எடுத்து உன் வேரைப் பார்க்கட்டுமா?" என்று வரிச்சி மெல்லக் கேட்டது.

"தொடாதே!" என்று குரல் சீறியது. "என் வேரில் காற்றுப் பட்டால் அந்த நிமிஷமே செத்துவிடுவேன். என் சாபம் உன் குட்டிகளைத்தான் பிடிக்கும்!"

அவ்வளவுதான். பெற்றவளிடம் இப்படி ஒரு பேச்சைப் பேசினால் அவள் பாவம் என்னதான் செய்வாள்? அன்றிலிருந்து வரிச்சி பழத்தைத் தொடவே இல்லை. குட்டிகள் புரண்டு படுத்தால்கூடப் பதறியது.

ஒருநாள் மத்தியானம் குரல் புதிதாக ஒன்று கேட்டது.

"எனக்கு இந்த வெயிலும் காற்றும் ஆகவில்லை. பொழுது சாய்வதற்குள் என்னைப் பொந்துக்குள் கொண்டுபோ. குட்டிகளுக்குப் பக்கத்தில் வை."

"குட்டிகளுக்குப் பக்கத்திலா? எதற்கு?"

"கதகதப்பாக இருக்கும். ஏன், முடியாதா? அப்படியென்றால் என் சாபம்..."

"வைக்கிறேன், வைக்கிறேன்! தண்ணீர் கொண்டுவந்துவிட்டு வைக்கிறேன்!"

ஓடையோரம் செங்காலி என்ற காட்டுக்கோழி சருகைக் கிளறிக்கொண்டிருந்தது. ஊர்வம்பு பேசுவதில் அதை மிஞ்ச ஆள் கிடையாது.

"ஏண்டி வரிச்சி, இப்படிப் பாதியாக இளைத்துவிட்டாய்?"

வரிச்சி அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டது. செங்காலி கொக்கரித்துச் சிரித்தது.

"செடி பேசுகிறதா? நல்ல கூத்தடி! இந்தக் காட்டில் நான் கிளறாத இடமில்லை. ஒரு செடியாவது என்னிடம் வாய் திறக்கவில்லையே!"

வரிச்சிக்குச் சிரிப்பு வரவில்லை. தலையைத் தூக்கி எதிர்மரத்தைப் பார்த்தது. அங்கே அதே ஜாதி ஆர்க்கிட் பூத்துக் குலுங்கியது. அதன் வேர்களில் பாதி மரப்பட்டையைத் தொற்றிக்கொண்டிருந்தன, மிச்சம் காற்றில் தொங்கின. காலை மழையில் நனைந்து பச்சையாக இருந்த வேர், இப்போது காற்றில் உலர்ந்து வெள்ளி நிறமாகியிருந்தது.

"காற்றிலேயே பிறந்து காற்றிலேயே வளர்கிற வேர்!" என்று வரிச்சி முணுமுணுத்தது. "காற்றுப் பட்டால் அது எப்படிச் சாகும்? அப்படியானால்... என் கொட்டாங்கச்சிக்குள் பேசுவது யார்?"

குட்டிகள் அங்கே தனியாக அல்லவா இருக்கின்றன!

"அக்கா, மரத்தடிக்கு வா! எதற்கென்று கேட்காதே!" என்று கத்திக்கொண்டே வரிச்சி பாய்ந்து ஏறியது.

"வந்துவிட்டாயா? தூக்கு என்னை" என்றது குரல்.

"முதலில் உன் வேரைப் பார்க்கிறேன்."

"தொடாதே! செத்துவிடுவேன்! உன் குட்டிகள்..."

வரிச்சியின் கை அப்படியே நின்றுவிட்டது. ஒருவேளை உண்மையாக இருந்துவிட்டால்? அந்த நேரம் பொந்துக்குள் ஒரு குட்டி கீச்சென்றது. வரிச்சி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, செடியை அடியோடு கவ்வி இழுத்தது.

செடி சதக்கென்று வெளியே வந்தது. நாற்றம் குடலைப் பிடுங்கியது. ஒரு சாண் நீளப் பூரான் ஒன்று சேற்றைப் பிளந்துகொண்டு தலையைத் தூக்கியது!

"இத்தனை நாள் எனக்கு ஈரம் கொடுத்தாய்" என்றது அதே குரல். "பகலில் வெயில் சுடும், இரவில் நீ காவல் இருப்பாய் என்றுதான் உன்னையே தூக்கச் சொன்னேன். சாப்பாட்டையும் கொடுத்துவிடு. வழியை விடு!"

பூரான் பொந்தைப் பார்த்து வளைந்தது. வரிச்சி பயத்தில் அலறியது. ஆனால் வாசலை விட்டு நகரவில்லை. பின்னங்கால் இரண்டையும் சேர்த்து ஒரே உதை! கொட்டாங்கச்சி, சேறு, பூரான் எல்லாம் தலைகீழாகக் கீழே போய் விழுந்தன.

கீழே செங்காலி தயாராக நின்றது. ஒரே கொத்து!

"இதுவா உன் செடி? நல்ல ருசிடி!" என்றது.

வரிச்சி பொந்துக்குள் பாய்ந்து மூன்று குட்டிகளையும் தொட்டுப் பார்த்தது. பிறகுதான் செடியைப் பார்த்தது. வேரெல்லாம் கறுத்துக் கொழகொழவென்று அழுகியிருந்தது. இரண்டே இரண்டு வேர் மட்டும் கெட்டியாக இருந்தது. அழுகியதை எல்லாம் கடித்து எறிந்தது. கொட்டாங்கச்சியைக் கழுவி, பல்லால் சுற்றிலும் ஓட்டை போட்டது. சேற்றுக்குப் பதில் மரப்பட்டைத் துண்டும் கரித்துண்டும் போட்டு, காற்றுப் படும்படி செடியை உட்காரவைத்தது. வேர் உலர்ந்து வெளுத்தால்தான் தண்ணீர்! பிழைக்குமா, பிழைக்காதா என்று தினமும் எட்டி எட்டிப் பார்த்தது.

குட்டிகள் கண் திறந்த வாரம், செடியின் அடியில் பாசிப்பயறு அளவு பச்சையாக ஒரு புது வேர் எட்டிப் பார்த்தது.

மூத்த குட்டி தத்தித் தத்தி வெளியே வந்தது. "அம்மா, இதைத் தொடலாமா?"

"தொடு கண்ணு" என்றது வரிச்சி. "உள்ளேயும் நன்றாக எட்டிப் பார்."

திறந்து பார்க்கவே கூடாது என்று எது நம்மைப் பயமுறுத்துகிறதோ, அதைத்தான் முதலில் திறந்து பார்க்க வேண்டும்.