மண்டிக்கு இரண்டு வாசல்

மக்காச்சோள மண்டி முதலாளி பொன்னுரங்கம், முன்வாசலில் வண்டியோடு நின்ற விவசாயிகளிடம் கைபேசியை ஆட்டினார். "அமெரிக்காவுல அமோக விளைச்சல். உலகச் சந்தையே படுத்துடுச்சு. கிலோ பதினாறுதான்."

"இருபத்துநாலு ரூபாயாவது போடுங்க. அறுப்புக் கூலிகூடத் தேறாது" என்று மருதை கெஞ்சினார்.

"உலகத்துல எந்த மூலையிலயாவது சோளம் விலை ஏறியிருந்தா காட்டுய்யா. கேட்டதைத் தர்றேன்!"

மூட்டை தைக்கிற சீரங்காயி ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். "நான் காட்டுறேன், வாங்க."

எல்லோரையும் பின்வாசலுக்குக் கூட்டிப்போனாள். அங்கே கோழி வளர்ப்பவர்களிடம் முதலாளியின் மகன் தீவனச் சோளம் விற்றுக்கொண்டிருந்தான். "கடலுக்கு அந்தப்பக்கம் சண்டை, கப்பலே வரல. உலகச் சந்தை எகிறிடுச்சு. கிலோ முப்பது!"

"ரெண்டும் ஒரே உலகந்தானுங்களே மொதலாளி?" என்றாள் சீரங்காயி. "நடுவுல நம்ம குடோன் மட்டுந்தானே இருக்கு?"

இரண்டு வாசல் கூட்டமும் சிரித்த சிரிப்பில் இருபத்துநாலு முடிவானது. முதலாளி பல்லைக் கடித்தார். "நாளையிலேர்ந்து நீ வேலைக்கு வராதே."

மருதை அவளைப் பார்த்துக் கைகூப்பினார். "எங்க வயித்துல பால் வார்த்த தாயி நீ." பிறகு முதலாளியிடம் திரும்பினார். "இந்தம்மா தைக்காட்டி எங்க சோளம் வண்டியவிட்டு இறங்காதுங்க."

முன்வாசலுக்குத் திரும்பிய பிறகும் ஒருத்தரும் வண்டியைத் தொடவில்லை.

பொன்னுரங்கம் குனிந்து ஊசியை எடுத்தார். நூலையும் தானே கோத்து அவளிடம் நீட்டினார்.