தம்பிக்கு எந்தத் துதி

“ரப்பி, ஒரு துதியைச் சொல்லாமல் தப்பிக்க ஏதாவது வழி இருக்கிறதா?”

ஆசேர் இப்படிக் கேட்டபோது ரப்பி பெனாயா துவைத்த சட்டையைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது.

கேட்டவருக்கு ஐம்பத்தாறு வயது. ரப்பிக்கு முப்பத்துநாலு. இங்கே சீடர்தான் மூத்தவர், குருதான் இளையவர். யூதத் தெருவில் இதை யாரும் பெரிசாக எடுத்துக்கொள்வதில்லை. படித்தவர் சொல்லித் தருகிறார், படிக்க ஆசைப்பட்டவர் கேட்டுக்கொள்கிறார், அவ்வளவுதானே.

அந்தத் தெரு மேற்குக் கடற்கரையில், உப்பங்கழி கடலோடு சேரும் இடத்தில் இருந்தது. நாற்பது வீடு, ஒரு ஜெபாலயம், எங்கே திரும்பினாலும் மிளகு வாசனை. ஆசேருக்கு அங்கே மிளகுக் கிடங்கு. ஜெபாலயத்துக்கும் அவர்தான் தலைவர். பெரிய மனிதர் யாராவது வந்தால் படகுத் துறையில் முன்னால் நின்று துதி சொல்வது அவர் பொறுப்பு.

அது என்ன துதி என்று இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை ஓடாது. யூதர்கள் எதைப் பார்த்தாலும் கடவுளைத் துதிக்க ஒரு வாசகம் வைத்திருப்பார்கள். வானவில்லுக்கு ஒன்று, இடிக்கு ஒன்று. வேற்று ஜாதி ராஜாவைப் பார்த்தால், தம் மகிமையை மனிதனுக்குக் கொடுத்தவரே என்று துதிக்க வேண்டும். வேதம் கரை கண்ட தங்கள் பண்டிதரைப் பார்த்தால், தமக்கு அஞ்சுகிறவர்களுக்குத் தம் ஞானத்தைப் பங்கிட்டவரே என்று துதிக்க வேண்டும். துதி கடவுளுக்குத்தான், எதிரே நிற்பவருக்கு அல்ல. ஆனாலும் சொல்ல வாய் வர வேண்டுமே.

“யாரைப் பார்த்துச் சொல்ல வேண்டிய துதி?” என்றார் ரப்பி.

“எல்கானா வருகிறான் என்று கப்பல்காரர்கள் சொன்னார்கள். என் தம்பி.”

ரப்பி ஈரச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

எல்கானாவின் பெயர் அவருக்குத் தெரியாததில்லை. கடல் தாண்டி அலெப்போ பட்டணத்தில் எல்கானாவிடம் ஒரு சந்தேகம் கேட்க ஜனங்கள் மூன்று நாள் காத்துக் கிடக்கிறார்கள் என்று கப்பல்காரர்கள் சொல்வார்கள். சொல்லிவிட்டு, கொடுத்துவைத்தவர் ஐயா நீங்கள் என்று ஆசேரின் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள். ஆசேர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பார்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அண்ணன் தம்பியின் அப்பா பக்கவாதத்தில் விழுந்தார். விழுந்த மாதமே ஒரு காலையில் எல்கானாவின் படுக்கை காலியாக இருந்தது. படிக்கப் போகிறேன் என்று ஒரு துண்டுச் சீட்டு. அதற்கப்புறம் அவனும் ஒரு கடுதாசி போடவில்லை, இவரும் போடவில்லை.

“அப்பாவுக்கு ஆறு வருஷம் கஞ்சி ஊட்டினது நான், ரப்பி. குளிப்பாட்டினது நான். கடைசி மூச்சில் அவர் கூப்பிட்டது அவன் பேரை.”

ஆசேர் அதோடு விடவில்லை.

“ராஜாவுக்குச் சொல்லும்போது கொடுத்தவரே என்கிறோம். சரி, ஒருத்தருக்குக் கொடுத்தார், முடிந்தது. பண்டிதருக்கு மட்டும் ஏன் பங்கிட்டவரே என்கிறோம்? பங்கு என்றால் வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் வர வேண்டாமா? எனக்கும் படிப்பு நன்றாக வந்தது. என் பங்கு எங்கே?”

ரப்பி நல்ல படிப்பாளி. இந்தக் கேள்விக்குப் புத்தகத்தில் இரண்டு மூன்று பதில் இருப்பதும் அவருக்குத் தெரியும். அதில் ஒன்றைக்கூட அவர் எடுத்து நீட்டவில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போனதே இதனால்தான்.

“போன வருஷம் ராஜாவின் ஓடம் வருகிறதென்று அரை நாள் வெயிலில் நின்று துதி சொன்னீர்களே, அண்ணே,” என்றார்.

“ராஜா எனக்கு என்ன கெடுதல் செய்தார்?”

ரப்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆசேருக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமை படகு வருகிறது, தெருவே துறையில் திரண்டு நிற்கும், தலைவர் வாயைத் திறக்காமல் நின்றால் என்ன பேசுவார்கள் என்று அவர் கவலை அவருக்கு. அதைவிடப் பெரிய கவலை, வாய் துதிக்கும்போது மனசு சபிக்குமே என்பது. கடவுளின் பெயரை வைத்துப் பொய் சொல்லச் சொல்கிறீர்களா என்று கேட்டார்.

“வேண்டாம்,” என்றார் ரப்பி. “நானே சொல்லிவிடுகிறேன்.”

ஆசேருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“ஆனால் ஒரு சங்கடம். நான் இந்த ஊருக்கு வந்தே ஏழு வருஷம்தான். உங்கள் தம்பி கறுப்பா சிவப்பா என்று எனக்குத் தெரியாது. படகில் பத்துப் பேர் வருவார்கள். ஆளை மாற்றிச் சொல்லித் தொலைத்தேன் என்றால் துதி வீண், கடவுளின் பெயரை வீணாய்ச் சொன்ன பாவம் என் தலையில். நீங்கள் பக்கத்தில் நின்று, இவன்தான் என்று காட்டிவிடுங்கள்.”

“காட்டுகிறேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.”

“பேச வேண்டாம். நன்றாகப் பார்த்துக் காட்டினால் போதும்.”

வெள்ளிக்கிழமை வந்தது. கப்பல் ஆழத்தில் நின்றுகொண்டது, ஆட்களைப் படகில் ஏற்றிக் கரைக்கு அனுப்பினார்கள். துறையில் நாற்பது வீட்டு ஜனமும் நின்றது. மீகாவும் வந்திருந்தார். சட்டப் புத்தகத்தைத் தலைக்கு வைத்துத் தூங்குகிற ஆள் அவர். துதியில் ஒரு எழுத்து பிசகினாலும் அங்கேயே நிறுத்தித் திருத்துவார்.

ஆசேர் வெள்ளைப் பட்டு அங்கி போட்டுக்கொண்டு ரப்பியின் பக்கத்தில் நின்றார். முகம் கல்லாக இருந்தது.

முதல் ஆள் இறங்கினார்.

“இவரா?”

“இல்லை. எல்கானாவுக்குக் கறுகறுவென்று தாடி.”

அடுத்தவர் கறுப்புத் தாடியோடு இறங்கினார். ரப்பி திரும்பிப் பார்த்தார்.

“இவன் குள்ளம். எல்கானா என்னைவிட உயரம். அவன் பலகையில் நடந்து இறங்கவே மாட்டான், ஒரே தாவாகத் தாவிவிடுவான்.”

மூன்றாமவர் இல்லை. நான்காமவர் இல்லை. ஒவ்வொருவருக்கும் ஆசேர் ஒரு காரணம் சொன்னார். இவனுக்குக் காது பெரிசு. இவன் சிரிப்பு வேறு மாதிரி, எல்கானா சிரித்தால் கண் இரண்டும் மூடிக்கொள்ளும். ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்றவர் பேசிக்கொண்டே இருந்தார். கழுத்து எட்டி எட்டிப் பார்த்தது.

பதினோரு பேர் இறங்கிவிட்டார்கள். அதற்கப்புறம் யாரும் எழுந்து வரவில்லை. படகில் மூட்டைகள் மட்டும் தெரிந்தன.

“வரவில்லையா?” என்றார் ரப்பி.

ஆசேர் பதில் சொல்லாமல் படகோட்டியிடம் போனார். வழியில் விஷக் காய்ச்சல் வந்தது, ஐந்து பேரைக் கடலில் போட்டுவிட்டு வருகிறோம், பெயரெல்லாம் எனக்குத் தெரியாது என்றான் படகோட்டி. சொல்லிவிட்டு, மிச்சம் ஒரு கிழவர் இருக்கிறார், காலில் பலமில்லை, தூக்கித்தான் இறக்கணும் என்று மூட்டைகளின் பக்கம் கையைக் காட்டினான். ஆசேருக்குக் கிழவர் காதில் விழவில்லை. ஐந்து பேர் என்பதோடு அவர் காது அடைத்துவிட்டது.

பத்தொன்பது வருஷமாக அவர் தம்பியோடு மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். சண்டை போட ஆள் இருந்தது. இப்போது அந்த ஆள் இல்லாமல் போய்விட்டானோ என்று நினைத்தார். கடவுளே, இப்படியா, என்று முனகினார். ஒரு கடுதாசி போட்டிருக்கலாமே என்று அப்போதுதான் அவருக்குத் தோன்றியது.

மூட்டைகளுக்கு அந்தப் பக்கம் ஒரு கை எழுந்து படகின் விளிம்பைப் பிடித்தது.

வெள்ளைத் தாடி. ஒட்டின கன்னம். இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க அந்த மனிதர் எழுந்து நின்றார். அவர் பார்வை கரையில் யாரையோ தேடி, ஆசேரிடம் வந்து நின்றது. பார்த்துச் சிரித்தார். கண் இரண்டும் மூடிக்கொண்டது.

ஆசேர் தண்ணீரில் இறங்கிவிட்டார். பட்டு அங்கி இடுப்பு வரை நனைந்தது. தம்பியின் கையை எட்டிப் பிடித்தார். துறை முழுக்கக் கேட்கும்படி அவர் வாயிலிருந்து ஒரு துதி வந்தது.

“எங்கள் தேவனே, உலகத்தின் ராஜாவே, இறந்தோரை உயிர்ப்பிக்கிறவரே, நீர் துதிக்கப்படுவீராக!”



மீகாவால் பொறுக்க முடியவில்லை. தப்பு, தப்பு, துதி மாறிப்போச்சு என்று முன்னால் வந்தார். வந்திருப்பது மகா பண்டிதர், அவருக்குப் பங்கிட்டவரே என்றல்லவா சொல்ல வேண்டும்? இது ஒரு வருஷத்துக்கு மேல் பிரிந்திருந்தவர்கள் சந்திக்கும்போது சொல்கிற துதி. அதிலும் எல்லோருக்கும் சொல்லிவிட முடியாது. உயிருக்குயிரான ஒருவரைப் பார்த்து, மனசு நிறைந்து சந்தோஷப்பட்டால்தான் சொல்ல வேண்டும். இந்த அண்ணன் தம்பி விவகாரம் ஊருக்கே தெரியும். அப்படியென்றால் சொன்னது வீண் துதி.

துதியைக் கேட்டவர்கள் ஆமென் சொல்ல வேண்டும், ஆனால் வீணாய்ச் சொன்ன துதிக்கு யாரும் சொல்லக் கூடாது. அதுவும் சட்டம்தான். நாற்பது வீட்டு ஜனமும் வாயை மூடிக்கொண்டு ரப்பியைப் பார்த்தது.

ரப்பி தண்ணீரைப் பார்த்தார். அங்கே ஐம்பத்தாறு வயது மனிதர் ஒருவர் தம்பியின் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, யார் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே இல்லாமல், தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார்.

“ஆமென்,” என்றார் ரப்பி.