இசக்கிராஜாவுக்கு வைத்த பொட்டு

“இதுலயும் ஆள் இல்லைங்கிறீங்களா டீச்சர்?”

கேட்டுக்கொண்டே தெய்வநாயகம் அண்ணாச்சி படத்தை மறுபடியும் நீட்டினார்.

லீலா டீச்சர் அதை வாங்கிப் பார்த்தார். தாளைத் திருப்பி அதன் பின்பக்கத்தையும் பார்த்தார். போதாததற்கு மேசைக்கு அடியில் குனிந்து தேடினார்.

“இங்கனயும் காணோமே அண்ணாச்சி.”

டீச்சரிடம் படம் வரையப் படிக்கிற மற்றவர்கள் தலையைக் குனிந்து சிரித்தார்கள்.

டீச்சருக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை. அண்ணாச்சிக்குப் பேரன் எடுத்தாயிற்று. ஆனாலும் அந்த மேசைக்கு முன்னால் டீச்சர்தான் குரு, அண்ணாச்சிதான் சீடர். அதில் அவருக்குத் துளி வெட்கம் கிடையாது. அவருடைய துக்கமே வேறு.

வருஷா வருஷம் தை மாதத்தில் டீச்சர் எங்கள் ஊர் லைப்ரரி ஹாலில் படங்களை மாட்டுவார். எல்லாம் ஊர் ஆட்கள் படம். தேர்முட்டிப் பூக்காரர், மரத்தடி பார்பர், ரேஷன் கடை வரிசை. ஊரே திரண்டு வந்து, “ஏய், நம்ம மாமால்லா!” என்று கத்திவிட்டுப் போகும். அதில் அண்ணாச்சி வரைந்த படம் இதுவரை ஒன்றுகூட ஏறியதில்லை.

இந்த வருஷம் எப்படியும் ஏறிவிடும் என்று மனுஷர் ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். தேக்குச் சட்டம் அடித்து, கண்ணாடி போட்டு, தன் ஸ்டுடியோ சுவரில் காலியாகவே மாட்டியும் வைத்துவிட்டார். வருகிறவன் போகிறவன் எல்லாம், “என்ன அண்ணாச்சி, உள்ள காத்தையா வரைஞ்சிருக்கீக?” என்று கேட்கிறான். மானம் போகிறதா இல்லையா?

“டீ மாஸ்டர் சேர்மதுரைய ரெண்டு மணி நேரம் நின்னு வரைஞ்சேன் டீச்சர். வேர்த்து ஒழுகிட்டு. இதுல என்ன குத்தம்?”

“குத்தமே இல்ல அண்ணாச்சி. ராஜா மாதிரி இருக்கான்.” டீச்சர் படத்தைத் திருப்பிக் கொடுத்தார். “சேர்மதுரை எங்க?”

இந்த இடத்தில் அண்ணாச்சியின் தொழிலைச் சொல்லியாக வேண்டும். போட்டோ ஸ்டுடியோ. அதிலும் டச்சப் வேலையில் சுத்துப்பட்டில் அவரை அடிக்க ஆள் கிடையாது. மச்சம், அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம், எது இருந்தாலும் அவர் கை பட்டால் போயே போச்சு. மாப்பிள்ளை வீட்டுக்குப் பெண் போட்டோ அனுப்புவதென்றால் அண்ணாச்சி ஸ்டுடியோதான். நேரில் வந்து பார்த்துவிட்டுத் திருதிருவென்று முழித்த மாப்பிள்ளைகளும் உண்டு. அந்தக் கதையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

அப்பேர்ப்பட்ட கை, பென்சில் பிடித்தாலும் சும்மா இருக்குமா? ஒரு கோடு போடும், ரப்பரை எடுக்கும். சேர்மதுரையின் உடைந்த மூக்கு நேராகிவிடும். கொதிக்கிற பால் தெறித்த புள்ளிகள் முழங்கையிலிருந்து மறைந்துவிடும்.

“நாளைக்குச் சாயங்காலம் ஆணி அடிக்கேன்” என்றார் டீச்சர். “அதுக்குள்ள கொண்டாங்க.”

“யாரை வரைய?”

டீச்சர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பித் தெருவைக் காட்டினார்.

மறுநாள் விடிந்ததும் அண்ணாச்சி மார்க்கெட்டுக்குப் போனார்.

வாழை இலை விற்கிற பேச்சித்தாய், இலைக்கட்டுக்கு நடுவில் பிள்ளையை உட்கார்த்தியிருந்தாள். பெயர் இசக்கிராஜா. ஒரே ஒரு பல். நெற்றி நிறைய வேனல் கட்டி. மூக்கு ஒழுகுகிறது. இடது கன்னத்தில் ரூபாய்த் துட்டு அகலத்துக்குக் கறுப்பாகத் திருஷ்டிப் பொட்டு. பயல் இலை நரம்பைக் கிழித்துக் கிழித்து ஊருக்கே தானம் செய்துகொண்டிருந்தான்.

“தாயி, உன் மவனை வரையட்டுமா?”

“துட்டு கேப்பீயளோ?”

“ஒண்ணும் வேண்டாம்.”

“அப்ப வரைங்க. அவன் இருந்து குடுக்கணுமே!”

அண்ணாச்சி காலிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். பென்சிலை வலது கையில் எடுத்தார். ரப்பரை இடது கையில் எடுத்தார்.

இசக்கிராஜா ரப்பரைப் பார்த்தான். தவழ்ந்து வந்தான். பிடுங்கினான். வாயில் போட்டுக்கொண்டான்.

“எய்யா, துப்பு, துப்பு!” பேச்சித்தாய் விரலை விட்டுத் தோண்டி எடுத்து அப்பால் வீசினாள். அது இலைக் குப்பையில் போய் விழுந்தது. அங்கே மேய்ந்துகொண்டிருந்த ஆடு ஒன்று அதை முகர்ந்து பார்த்து, ஆற அமர மென்று விழுங்கியது.

அண்ணாச்சி ஆட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்நேரத்துக்கு எந்தக் கடை திறந்திருக்கும்? பயலோ அந்தப் பக்கம் தவழக் கிளம்பிவிட்டான்.

வேறு வழியில்லை. வரைந்தார்.

போட்ட கோடு போட்டதுதான். அழிக்க வழியில்லாததால் கண் பிள்ளையை விட்டு நகர முடியவில்லை. வேனல் கட்டி தாளில் ஏறியது. ஒழுகின மூக்கு ஏறியது. ஒற்றைப் பல், பிசுபிசுத்த மேலுதடு, அடுத்து எதைக் கிழிக்கலாம் என்று பார்க்கிற அந்தக் களவாணி முழி, எல்லாம் ஏறின. கன்னத்துத் திருஷ்டிப் பொட்டை மட்டும் கை தானாக விட்டுவிட்டது. எத்தனை வருஷத்துப் பழக்கம்!

முடித்துவிட்டுப் பார்த்தார். உடம்பு சிலிர்த்துப்போனது. இது நாம் வரைந்ததுதானா? ஆள் இருக்கிறான்! தாளுக்குப் பின்னாலும் மேசைக்கு அடியிலும் யாரும் தேட வேண்டாம், இதோ உட்கார்ந்திருக்கிறான்!

“ஏ யம்மா!” பேச்சித்தாய் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். “எம் புள்ளைல்லா இது! முழிக்கத பாரேன், திருட்டுப் பய!”

பக்கத்துக் கடைக்காரிகள் எட்டிப் பார்த்தார்கள். “அடடா, அச்சு அசல்!” அண்ணாச்சிக்குத் தலைகால் புரியவில்லை.

“இதை என்ன செய்வீங்கய்யா?”

“லைப்ரரி ஹால்ல மாட்டப்போறோம் தாயி. ஊரே வந்து பாக்கும்.”

பேச்சித்தாயின் சிரிப்பு நின்றது.

“ஊரேயா?”

படத்தைச் சட்டென்று வாங்கினாள். எட்டிப் பார்த்தவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து மை டப்பாவை எடுத்தாள். அண்ணாச்சி வாயைத் திறப்பதற்குள் விரலில் மையைத் தொட்டு, படத்தில் இருந்த பிள்ளையின் இடது கன்னத்தில் அப்பிவிட்டாள்.

“ஏ தாயி! என்ன காரியம் பண்ணிட்ட!”

“பின்ன என்னய்யா? ஊர் கண்ணு முன்னால புள்ளைய வெறுங்கன்னத்தோட நிறுத்துவாளா பெத்தவ? அதுவும் இப்படி வரைஞ்சு வச்சிருக்கீங்க. கண்ணு பட்டுறாது?”

படத்தை இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தாள்.

“புள்ளைய பைய கூட்டிட்டுப் போங்க. வெயில்ல காட்டாதீங்க.”

அண்ணாச்சிக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. யாரைத் திட்ட? ஆயுசுக்கும் ஒரு படம், அதிலும் அப்பினாளே! ஸ்டுடியோவுக்குப் போய்ப் பஞ்சை எடுத்தார், பிளேடை எடுத்தார். எண்ணெய் மை, அவசரத்தில் சுரண்டினால் தாள் கிழிந்துவிடும். பகல் பூராவும் படத்துக்கு எதிரே உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். காலிச் சட்டம் தலைக்கு மேலே தொங்கியது.

சாயங்காலம் ஹாலுக்கு ஓடினார். டீச்சர் கையில் சுத்தியல்.

“டீச்சர், ஒரே ஒரு நாள் தவணை குடுங்க. புள்ளையோட அம்மா மையை அப்பிட்டா. ஊர் பாக்கும்னு சொன்னேன், கண்ணு பட்டுரும்னு பொட்டு வச்சிட்டா டீச்சர்! நான் எடுத்துருவேன். எத்தனை மூஞ்சியில எடுத்த கை இது! எடுத்த இடமே தெரியாது.”

டீச்சர் படத்தை வாங்கினார்.

திருப்பிப் பார்க்கவில்லை. மேசைக்கு அடியில் குனியவில்லை.

வேனல் கட்டியைப் பார்த்தார். மூக்கைப் பார்த்தார். பொட்டைப் பார்த்தார். அதில் பேச்சித்தாயின் விரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது.

பிறகு விறுவிறுவென்று வாசல் பக்கம் நடந்தார். உள்ளே நுழைகிற எவர் கண்ணிலும் முதலில் படுகிற ஆணி அது. ஒவ்வொரு வருஷமும் அதில் டீச்சருடைய படம்தான் தொங்கும். அதைக் கழற்றிக் கீழே வைத்தார். இசக்கிராஜாவை அங்கே மாட்டினார்.

“டீச்சர், அந்தக் கறை...”

டீச்சர் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. ஆனால் முகத்தில் இருந்தது பெருமை. கொஞ்சம் பொறாமையும் இருந்தது, அதை அவர் மறைக்கவில்லை.

“நானும் எத்தனையோ புள்ளைகளை வரைஞ்சிருக்கேன் அண்ணாச்சி. பெத்தவங்க வந்து பாப்பாங்க. நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போவாங்க.”

சுத்தியலை அண்ணாச்சி கையில் கொடுத்தார்.

“கண்ணு பட்டுரும்னு ஒருத்திக்கும் பயம் வரலையே.”