ஆவுடையப்பன் ரேடியோவை முறுக்கின கதை

ஏட்டி, காலை மடக்கிப் படு. போர்வையை உதைக்காத. அத்தை கதை சொல்லுதேன், நீ "ம்" கொட்டணும். "ம்" நின்னா கதையும் நிக்கும், ஆமா.

ஒரு ஊர்ல ஒரு ரேடியோ இருந்துச்சு. ராஜா இல்லையான்னு கேக்காத, ராஜாவெல்லாம் நேத்தே வந்துட்டுப் போயாச்சு. இது பெரிய மரப்பெட்டி ரேடியோ. உள்ள பல்பு மாதிரி கண்ணாடிக் குழாயா நிக்கும், வால்வுன்னு பேரு. சுவிட்சைப் போட்டா உடனே பாடாது. மெதுவா செவந்து, சூடாகி, "ங்ங்ங்"னு முனங்கி, அப்புறம்தான் வாயைத் திறக்கும். உன்னைக் காலையில எழுப்புத மாதிரி.

அது உலகம்மாளுக்கு அவ அப்பா கல்யாணத்துக்குக் குடுத்தது. அவ புருஷன் ஆவுடையப்பன், மில்லுல மெஷினைக் கழட்டி மாட்டுத பிட்டர் வேலை. தங்கமான மனுஷன், ஆனா ஒரு கிறுக்கு உண்டு. எங்க ஸ்குரூ லூசா இருந்தாலும் பொறுக்காது. கட்டிலு, கதவு, வந்த விருந்தாளி சைக்கிள், எல்லாத்தையும் "கிர்ர் கிர்ர்"னு முறுக்கிருவாரு. ம்?

அப்போ அவங்க மக செண்பகம் பட்டணத்துல படிச்சுக்கிட்டிருந்தா. "அம்மா, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ரேடியோவுல பாடப்போறேன், கேளு"ன்னு சொல்லி விட்டா. உலகம்மாளுக்குத் தலைகால் புரியல. தெரு முழுக்கச் சொல்லிட்டா. ஆனா ரேடியோதான் பல வருஷமா ஊமையா கெடக்கே! அது மேல புளிப்பானைல்லா உக்காந்திருக்கு!

அப்புறம் ரேடியோ கடைக் காசிலிங்கத்தைக் கூட்டியாந்தாங்க. பின்பக்க அட்டையைக் கழட்டினா, அச்சு! அச்சு! ஒரே தூசி. பல்லி முட்டை வேற. காசிலிங்கம் எல்லாத்தையும் துடைச்சு, செத்துப்போன வால்வை மாத்தி, ஊதிப்போன கண்டன்சரை மாத்தி, சுவிட்சைப் போட்டான். "ங்ங்ங்..." பாடிருச்சுட்டி! உலகம்மா அந்தப் பெட்டிக்குத் திருஷ்டி சுத்திப் போட்டா.

ஞாயித்துக்கிழமை வந்துச்சு. மத்தியானம் ஆவுடையப்பன் சும்மா இருப்பாரா? பின்னால எட்டிப் பாத்தாரு. சின்னச் சின்னத் தகர டப்பா மூணு. ஒவ்வொண்ணு தலையிலயும் ஒரு ஸ்குரூ, பாதி வெளிய நிக்கி. "சே, இந்தக் காசிலிங்கம் முறுக்காம போயிட்டானே!" கிர்ர், கிர்ர், கிர்ர். மூணையும் இறுக்கிட்டு, பெருமையா சுவிட்சைப் போட்டாரு.

புஸ்ஸ்ஸ்ஸ்.

அவ்வளவுதான். ஒரு ஸ்டேஷனும் இல்ல.

"ஏங்க, என்ன செஞ்சீங்க?"

"லூசா இருந்துச்சு... முறுக்கினேன்."

"உங்க கையில கட்டையைப் போட! எம்பிள்ளை மொத மொதலா பாடுதா, பெத்தவ நான் கேக்க வேண்டாமா?"ன்னு உலகம்மா உக்காந்து அழுதுட்டா.

சிரிக்காத! பாவம்லா?

ஆவுடையப்பன் சைக்கிளை எடுத்து ஒரே மிதியா மிதிச்சாரு. காசிலிங்கம் அக்கா மகளுக்குப் பக்கத்து ஊர்ல கல்யாணம், அவன் பந்தியில பாயசம் ஊத்திக்கிட்டிருக்கான். "அய்யோ அண்ணாச்சி! அது பெட்டியைப் பிடிக்குத ஸ்குரூ இல்ல, பாட்டைப் பிடிக்குத ஸ்குரூ! தாய்மாமன் நான், பந்தியை விட்டு வர முடியாது. நீங்க மூங்கில் குச்சியைத் தட்டையாச் சீவிக்கிடுங்க, இரும்பு ஆகாது. நல்லாப் பாடுத ரேடியோ ஒண்ணைப் பக்கத்துல வைங்க. அதுல வார பாட்டு இதுலயும் வார வரைக்கும், கொஞ்சங் கொஞ்சமா பின்னால திருப்புங்க."

ஆவுடையப்பன் வீட்டுக்கு ஓடியாந்து சொன்னாரு. நல்ல ரேடியோ எங்க இருக்கு? அடுத்த வீட்டு மூக்கம்மா கிட்ட. ஆனா அவ கோழி உலகம்மா காயப்போட்ட கூழ்வத்தலை மிதிச்சதுல பெரிய சண்டை. ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

உலகம்மா போனா. வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டா. மறுபடி போனா, "இங்கன எங்க பூனை வந்துச்சா?"ன்னு கேட்டுட்டு ஓடியாந்துட்டா. அவங்க வீட்ல பூனையே கிடையாது! அப்புறம் மூணாவது தடவை போய், கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "மூக்கம்மா, எம்பிள்ளை பாட்டைக் கேக்கணும். உன் ரேடியோவைத் தா"ன்னு கேட்டுட்டா.

"இதைக் கேக்க இம்புட்டு நேரமா? செண்பகம் என் இடுப்புல வளந்த பிள்ளைல்லாட்டி! நட"ன்னு மூக்கம்மா ரேடியோவைத் தூக்கிட்டு முன்னால நடந்தா.

அப்போ ஆவுடையப்பன் குச்சியோட நிக்காரு. "உங்க கை ஆகாது, அது முறுக்கத்தான் செய்யும்"னு உலகம்மா குச்சியைப் பிடுங்கிக்கிட்டா. மூக்கம்மா ரேடியோவுல நாகசுரம். உலகம்மா மொத டப்பாவைத் திருப்பினா. கொர்ர்ர். ரெண்டாவது டப்பா. பானைக்குள்ள இருந்து ஊதுத மாதிரி "பீ... பீ..."

"இன்னும் கொஞ்சம். அய்யோ, தாண்டிட்ட! திரும்பி வா. மெல்ல, மெல்ல"ன்னு மூக்கம்மா சொல்லிக்கிட்டே இருந்தா.

மூணாவது டப்பா. உப்புப் பாத்துப் போடுத மாதிரி ஒரு துளி திருப்பினா. "பீஈஈஈ!" வீடு அதிருது! ஆவுடையப்பன் துண்டைத் தூக்கிப் போட்டு ஆடிட்டாரு.

அப்போ, "அடுத்து பாடுபவர் ஆ. செண்பகம்"னு சொன்னாங்க.

மூக்கம்மா தன் ரேடியோவை அணைக்கப் போனா. "உன் மக உன் அப்பா பெட்டியிலயே பாடட்டும்."

உலகம்மா அவ கையைப் பிடிச்சுக்கிட்டா. "அணைக்காத. நம்ம பிள்ளைதான? ரெண்டுலயும் பாடட்டும்."

ரெண்டுலயும் பாடினா. ரெண்டு பேரும் ஒரே பாயில உக்காந்து, ஒருத்தி கையை ஒருத்தி விடாமலே கேட்டாங்க.

பாட்டும் ஆச்சு, கதையும் ஆச்சு. கண்ணை மூடுட்டி.