நாற்பது வருஷக் கை

திருச்சி பாலக்கரையில், சவரிராயன் கடையில் பழைய ருஷ்யக் கேமராக்களைப் பழுதுபார்க்கக் கற்றுக்கொண்டிருந்தாள் ஆபிதா. ஒருநாள் போட்டோ சங்கத் தலைவர் ரங்கபாஷ்யம் இடிமாதிரி வந்து நின்றார்.

"யோவ் சவரி! இந்தப் பொண்ணு போன வாரம் சரிபண்ணின என் கேமரா மறுபடி உடைஞ்சுபோச்சு. இவளை வேலையைவிட்டு அனுப்பு. இல்லேன்னா சங்கத்துக் கேமரா ஒண்ணுகூட இனிமே இங்கே வராது!"

சவரிராயன் தலையைச் சொறிந்தார். ஆபிதா மெதுவாகச் சொன்னாள்: "என் கைதான் சரியில்லை போல சார். போறதுக்கு முன்னாடி, நீங்க எப்படிப் படம் பிடிக்கிறீங்கன்னு ஒருதரம் காட்டுங்க. பார்த்துக் கத்துக்கிறேன்."

அலமாரியிலிருந்து அதே மாதிரிக் கேமரா ஒன்றை எடுத்து நீட்டினாள். அவருக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"நல்லாப் பார்த்துக்கோ. நாப்பது வருஷக் கை இது. முதல்ல ஷட்டர் வேகத்தை வைக்கணும்," என்று மேலே இருந்த திருகைக் கரகரவென்று திருப்பினார். "அப்புறம்தான் ஃபிலிமைச் சுத்தணும்."

"ஐயோ சார்!" சவரிராயன் நாற்காலியைவிட்டுத் துள்ளி எழுந்தார். "இந்தக் கேமராவில ஃபிலிமைச் சுத்தின பிறகுதான் வேகத்தைத் தொடணும். மாத்திச் செஞ்சா உள்ளே உடைஞ்சிடும்! என் கேமராவையும் உடைச்சிட்டீங்களே!"

"பதறாதீங்க அண்ணே," என்றாள் ஆபிதா. "சார் இப்படித்தான் செய்வார்னு தெரிஞ்சுதான், ஏற்கெனவே உடைஞ்சதை எடுத்துக் கொடுத்தேன்."