எமனுக்குப் புகை வரவில்லை

எமன் வருகிற இடத்தில் புகை வர வேண்டும். அது எமலோகத்து வழக்கமோ இல்லையோ, மலேசியாவில், கிள்ளானில் எங்கள் நாடகக் குழுவின் வழக்கம்.

எங்கள் எமன் சின்னையா. மற்ற நாளில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவர். போன வருஷத் திருவிழாவில் அவர் கிரீடமும் மீசையுமாக மேடையேறினார். புகை வரவில்லை. முன்வரிசையில் இருந்த பிள்ளைகள் முழுக்க அவருடைய பேருந்தில் போகிறவர்கள். "டேய், நம்ம பஸ் அங்கிள்டா!" என்று ஒரே கத்தல். எமன் பாசக்கயிற்றை வீசுவதற்குப் பதிலாகக் கையை அசைத்துவிட்டுத் திரும்பினார்.

"இந்த வருஷமும் சிரிச்சாங்கன்னா கிரீடத்தைக் கழட்டி வச்சிருவேன்" என்று சொல்லியிருந்தார்.

அதற்காகத்தான் இந்த மின்சிகரெட். வேப் என்பார்களே, அது. போதைச் சரக்கு எதுவும் இல்லை. உள்ளே வெறும் ஸ்ட்ராபெரி வாசனை ஜூஸ். எமன் அதைக் கைக்குள் மறைத்து ஓர் இழுப்பு இழுத்து, மீசை வழியாகப் புகையை விட வேண்டும். எமன் கையில் கறுப்புக் குழாய் தெரிந்தால் நன்றாயிருக்காது என்று, எங்கள் மேடைச் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் தண்ணிமலை அண்ணன் முதல் நாளே அதற்கு அடிமுதல் நுனிவரை தங்க நிற ஜிகினாத் தாள் ஒட்டிவிட்டார். எங்கள் குழுவில் வாள், கதாயுதம், தண்ணீர்ச் செம்பு எல்லாவற்றுக்கும் ஜிகினா உண்டு.

திரை தூக்க அரைமணி நேரம் இருந்தபோது சின்னையா இழுத்துப் பார்த்தார். கன்னம் இரண்டும் குழிந்தன. புகை வரவில்லை.

"அண்ணே!" என்று கத்தினார்.

தண்ணிமலை அண்ணன் நிதானமாக ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து, குழாயின் தலையைத் திருகி எடுத்தார்.

"இதுக்கா இந்தச் சத்தம்? தாப்பா ஊர்ப் பக்கம் ஒரு லாரிக்காரன் வேப்ல இதைவிட மோசம். எறும்பு கொட்டாவி விட்ட மாதிரி புகை வரும். தொறந்து பாத்தேன். பஞ்சை மெத்தைக்கு அடைக்கிற மாதிரி அடைச்சு வச்சிருக்கான். அப்படி அடைச்சா ஜூஸ் எப்படி ஏறும்? தளர்வா வச்சுக் குடுத்தேன். ஒரே இழுப்புத்தான்யா! சாலைக் கட்டணச் சாவடியே காணாமப் போச்சு. அங்க வேலை பாக்கறவன் சாவடியைத் தேடிக்கிட்டு ஈப்போ வரைக்கும் நடந்திருக்கான்."

சொல்லிக்கொண்டே பழைய பஞ்சை எடுத்துப் புதுப் பஞ்சைத் தளர்வாக வைத்தார். வேலையில் குறை சொல்ல முடியாது. சின்னையா இழுத்தார். வரவில்லை.

"பஞ்சு நனையணும்லா, பொறுங்க" என்றார் அண்ணன். "அந்த லாரிக்காரன் மறுபடி வந்தான். இன்னும் வேணும்னான். சரின்னு உள்ள ஜூஸைச் சூடாக்குற கம்பிச் சுருளைத் தூக்கிப் போட்டுட்டு வீணைக் கம்பியைச் சுத்தி வச்சேன்."

"வீணைக் கம்பியா?" என்றேன், சித்திரகுப்தன் வேஷத்தில் ஏடும் கையுமாக நின்ற நான்.

"ஆமா, சித்திரகுப்தா, எழுதிக்க. புகை வந்தப்ப கல்யாணி ராகத்துல வந்துச்சு. தொண்டை கட்டினவன் இழுத்தா மட்டும் முகாரி."

குழுவை நடத்தும் மரகதவல்லி அக்கா எமனுடைய கிரீடத்தை ஊசியால் தைத்துக்கொண்டிருந்தார். "இன்னும் பத்து நிமிஷம்" என்றார், தலை நிமிராமல்.

அண்ணன் மின்கலத்தின் இரு முனைகளையும் சட்டை நுனியால் பளபளவென்று துடைத்தார். மூடித் திருகிக் கொடுத்தார். சின்னையா கண் பிதுங்க இழுத்தார். மீசையின் ஒரு பக்கம் பிய்ந்து உள்ளே போனதுதான் மிச்சம்.

"வரலையேண்ணே!"

"இன்னும் சூடேறல. கேமரன் மலையிலயும் இப்படித்தான். ஒரு தோட்டக்காரருக்குச் செஞ்சு குடுத்தேன். முதல்ல வரல. அப்புறம் வந்துச்சு பாருங்க, மலை மொத்தமும் மூடிப் போச்சு. பொழுது விடியலைன்னு தோட்டத்துல எல்லாரும் மறுபடி படுத்துட்டாங்க. புகை மேல போயி, குளுந்து, மழையாப் பேஞ்சுது. ஸ்ட்ராபெரி மழை! எறும்பெல்லாம் மழைத் துளியைப் பிடிச்சுக்கிட்டே வானத்துக்கு ஏறிப் போச்சு. நானே பாத்தேன்."

"எறும்பு திரும்பி வந்துச்சா?" என்றார் சின்னையா, மீசையைத் துப்பி மறுபடி ஒட்டியபடி.

"விமானத்துல வந்துச்சு."

"எந்த விமானம்?"

"அந்த மேகத்துமேல ஒண்ணு இறங்கிருச்சுல்ல! தரைன்னு நினைச்சுட்டான். விமானி கதவைத் தொறந்து, 'அண்ணே, பினாங்கு எந்தப் பக்கம்?'ங்கறான். பாவமா இருந்துச்சு. வேப்பை வாயில வச்சு ஒரு இழுப்பு. மலை மேல இருந்த புகை மொத்தமும் என் நெஞ்சுக்குள்ள! விமானம் பூ மாதிரி வயல்ல இறங்குச்சு. அந்தப் புகையை இன்னைக்கு வரைக்கும் நான் வெளிய விடல."

சின்னையா எழுந்து அவர் முன்னால் நின்றார். "அப்ப அதுல கொஞ்சம் இப்ப விடுங்க. முன்வரிசை நிறைஞ்சாச்சு."

அண்ணன் வாயைத் திறந்தார். இருமல் மட்டும் வந்தது.

வெளியே மேளம் ஓய்ந்தது. மரகதவல்லி அக்கா ஊசியும் கையுமாக வந்து குழாயை வாங்கினார். விளக்கருகே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஜிகினாத் தாளை ஊசியால் கிழித்து உரித்தார். தாளுக்குக் கீழே, குழாயின் இடுப்பில், இரண்டு சின்ன ஓட்டைகள் இருந்தன.

"காத்து போற வழியை மூடிட்டு, உள்ள பஞ்சு மாத்தினா எப்படிண்ணே வரும்?"

சின்னையா கிரீடத்தை மாட்டிக்கொண்டு, குழாயோடு மேடைக்கு ஓடினார்.

திரை எழுந்தது. எமன் நெஞ்சு நிறைய இழுத்தார். சுத்தமான மின்முனை, தளர்ந்த பஞ்சு, திறந்த ஓட்டை. மூன்றும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்? மீசைக்கு இரண்டு புறமும் புகை உருண்டு வந்தது. கிரீடம் மறைந்தது. பக்கத்தில் நின்ற என் ஏடும் மறைந்தது. அந்தப் புகைக்குள்ளிருந்து, "யார் அங்கே?" என்று குரல் மட்டும் இடித்தது.

முன்வரிசையில் ஒரு சிரிப்பில்லை. ஒரு பெண்பிள்ளையின் குரல் நடுங்கிக்கொண்டே எழுந்தது:

"திங்கக்கிழமை பஸ்ல சத்தம் போடமாட்டோம்!"

நாடகம் முடிந்ததும் சின்னையா கிரீடத்தைக் கழற்றவே இல்லை. அதோடுதான் சாப்பிட உட்கார்ந்தார். தண்ணிமலை அண்ணன் இலைக்கு இலை போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்கள்ல? கேமரன் மலைப் புகையில ஒரு துளி. ஒரே துளிதான் விட்டேன். முழுசா விட்டிருந்தா இந்நேரம் சிங்கப்பூர்ல..."

மரகதவல்லி அக்கா உரித்த ஜிகினாத் தாளை இன்னும் தூக்கிப் போடவில்லை. அதில் பசை இன்னும் பிசுபிசுத்தது. நடந்து வந்து அதை அண்ணன் வாய்மேல் வைத்து அழுத்தினார்.

"ஒட்ட வேண்டிய ஓட்டை இதுதாண்ணே" என்று சொல்லிவிட்டு, அடுத்த இலைக்குச் சாம்பார் ஊற்றப் போனார்.